மண்ணுக்கு முதல் சொட்டு

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி, பேருந்து ஒரு டீக்கடையில் நிற்கிறது. மத்தியான வெயில். காலியாகக் கிடக்கும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து போனில் ஒரு பெரு நாட்டு மலைப்பாட்டைப் பார்க்கிறேன். அடுக்குப் பாவாடை கட்டிய பாடகி, கையில் பீர் கிளாஸ். விட்டுப்போனவனைத் திட்டித் திட்டி அழுகிறாள். இன்றைக்குக் குடிப்பேன், நாளைக்கு எழுந்து வேலைக்குப் போவேன் என்கிறாள். குடிக்கும் முன் தரையில் கொஞ்சம் ஊற்றுகிறாள்.

டீ கொண்டுவந்த கடைக்கார அம்மா என் தோளுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடுகிறார்.

“யாருக்கு சார் ஊத்துறா?”

“பூமித்தாய்க்காம்.”

“அப்படித்தான் சொல்லுவாங்க. எங்க ஊட்டுக்காரரும் விரல்ல தொட்டு ரெண்டு சொட்டு தெளிச்சிட்டுத்தான் குடிப்பாரு. யாருக்குய்யான்னு கேட்டா, கேக்குறவங்களுக்குன்னுவாரு. குடிச்சிக் குடிச்சே போய்ட்டாரு. இப்ப அவரு கேக்குறாரு.”

“என்ன குடுப்பீங்க?”

“டீதான். உசுரோட இருந்தப்ப அதைத் தொடவே மாட்டாரு. இனிமே அதான்.” சிரித்துக்கொண்டே அடுப்புக்குப் போகிறார்.

பாட்டு முடிகிறது. வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகிறேன். யாரோ முழங்கையைத் தொட்டு இழுத்த மாதிரி இருக்கிறது. டீ தரையில் சிந்துகிறது, மண் அதை உடனே இழுத்துக்கொள்கிறது. திரும்பிப் பார்க்கிறேன். பெஞ்சில் என்னைத் தவிர யாருமில்லை.

அடுப்படியிலிருந்து அந்த அம்மாவின் குரல் மட்டும் வருகிறது.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார். அது அவரு எடம்.”