பெட்டியிலிருந்து வந்த வசனம்

கிளாஃபிரா நசாரவ்னா முப்பத்தொரு வருடம் அந்த நாடக அரங்கில் வேலை பார்த்தாள். ஒருநாள்கூட மேடையில் நின்றதில்லை. மேடை விளிம்பில் ஆமை ஓடு மாதிரி ஒரு பெட்டி கவிழ்ந்திருக்கும். அதற்குள் கழுத்துவரை இறங்கி உட்கார்ந்து, நடிகர்கள் மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. பார்க்க வந்தவர்களுக்கு அவள் முகம் தெரியாது. நடிகர்களுக்கோ இக்கட்டில் தெரிகிற ஒரே முகம் அதுதான். வோல்கா கரையில் இப்படி ஒரு உதடு வேறு கிடையாது என்று மூத்த நடிகர் இல்லரியோன் பெத்ரோவிச் புகழ்வார். புகழ மாட்டாரா பின்னே? அவருடைய பாதி வசனம் அவள் வாயிலிருந்துதான் வந்தது.

மேடையில் யோசித்துப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. பெட்டியிலிருந்து எது வந்தாலும் குரலெடுத்துச் சொல்லிவிடுவார். ஒருமுறை அவள் கால் மரத்துப்போய் "அடக் கடவுளே" என்று முணுமுணுக்க, தளபதி வேடத்திலிருந்தவர் "அடக் கடவுளே!" என்று முழங்கி வாளை உருவினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

நாடகக்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. நாடகப் பிரதி கை தவறி விழுந்தால், விழுந்த இடத்திலேயே அதன்மேல் ஒரு கணம் உட்கார்ந்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சேறா பனியா என்றெல்லாம் பார்க்கக் கூடாது. உட்காராமல் எடுத்தால் நாடகம் கவிழும், சமயத்தில் ஆளும் கவிழ்வார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருடம், கிளாஃபிராவின் தங்கை அக்னியா முதல்முறை கதாநாயகியான நாடகத்தின் பிரதி, அக்காள் கையிலிருந்து ஈரப் படியில் விழுந்தது. அன்று அவள் உடுத்தியிருந்தது புதுப் பாவாடை. உட்காரவில்லை. பதினோராம் நாள் ஒத்திகை நடுவே ரகசியப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து அக்னியாவை அழைத்துப் போனார்கள். அவள் திரும்பவில்லை.

பிரதியின்மேல் உட்காராததுதான் காரணம் என்று கிளாஃபிரா பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டாள். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். அந்தக் காரணம் எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

நடந்தது வேறு. அந்த வாரமே கூட்டம் போட்டார்கள். தலைமை இல்லரியோன் பெத்ரோவிச். "அக்னியா உங்களுக்கு என்ன உறவு?" என்று அவர் கேட்டார், சந்தைக்கு வழி கேட்கிற மாதிரி. "எனக்குத் தங்கை இல்லை" என்றாள் கிளாஃபிரா. அக்னியா மக்கள் விரோதி என்ற தீர்மானத்துக்கு எல்லாரும் கை தூக்கினார்கள். வீட்டுக்கு வந்து, அந்தக் காலத்தில் எல்லாரும் செய்தது போல, எல்லாப் புகைப்படங்களிலும் தங்கையின் முகத்தைக் கத்தரித்து அடுப்பில் போட்டாள். அரங்கில் திரைச்சீலை தீட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் லவ்ர், அந்த நாடகத்துக்காக அக்னியாவை வைத்துத் தீட்டிய ஓவியத்தையும் எரித்துவிட்டதாகச் சொன்னான். பிறகு அவனும் போருக்குப் போய் மடிந்தான்.

ஐம்பத்தேழில் அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அக்னியா குற்றமற்றவள், நாற்பத்திரண்டிலேயே நுரையீரல் சுரத்தில் இறந்துவிட்டாள். இரண்டே வரி. கிளாஃபிரா அழ உட்கார்ந்தாள். அழுவதற்குத் தங்கையின் முகம் நினைவில் வரவில்லை. மூக்கு வந்தது, பின்னல் வந்தது, கண் வரவே இல்லை. அதைவிடப் பெரிய தண்டனை உண்டா? ஒரே ஒருமுறை அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லாமல் போயிற்று.

அந்த இலையுதிர் காலத்தில் அக்னியா கதாநாயகியான அதே நாடகத்தை மறுபடி எடுத்தார்கள். பழைய சிறுகதை ஒன்றை மேடைக்கு மாற்றியது: மனைவியை இழந்தவன் மாலைதோறும் அவள் ஓவியத்தோடு பேசுகிறான். புதிதாக வந்திருந்த ஓவியக்காரி தாய்சியா, கிடங்கிலிருந்து யாரோ ஒரு பருத்த வியாபாரியின் மனைவி படத்தைத் தூசி தட்டி, மூலையில் கறுப்பு நாடா கட்டி மாட்டினாள்.

மூன்றாவது ஆட்டத்தில், விளக்குச் சூட்டில் சாயம் ஒரு சில்லு உதிர்ந்தது. வியாபாரி மனைவியின் கன்னத்தில் ஒரு கண் திறந்தது.

"தாய்சியா, உன் சீமாட்டிக்குக் கன்னத்துல கண்ணு முளைச்சிருக்கும்மா. டாக்டர்கிட்ட காட்டு" என்று இல்லரியோன் சிரித்தார். மறுநாள் அவர் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணுக்கு முதுகு காட்டி நிற்க மாட்டேன் என்று ஒரு நடிகை அடம்பிடித்தாள். உருப்போட்டு வைத்திருந்த வசனமெல்லாம் படத்தின் எதிரே வந்ததும் எல்லாருக்கும் மறந்தது. ஆட்டம் முடிந்து கிளாஃபிரா பிரதியை மூடும்போது, பக்கங்களுக்கு நடுவே பழுப்புச் சாயச் சில்லு கிடந்தது. படம் மாட்டிய சுவர் பதினைந்து அடி தள்ளி இருந்தது. அவள் சில்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

"இதை வரைஞ்ச ஆள் யாருங்க, கிளாஃபிரா நசாரவ்னா?" என்று கேட்டாள் தாய்சியா, கண்ணாடித் தம்ளரில் தேநீரை ஆற்றியபடி.

"எதுக்குக் கேக்குற?"

"எண்ணெய்ச் சாயத்து மேல பசைச் சாயம் பூசினா நிக்காதுன்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். இந்த ஆளு வேணும்னே பூசியிருக்கான். என்னைக்காவது உதிரட்டும்னு."

கிளாஃபிரா கைக்குட்டை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கதவருகே நின்ற இல்லரியோன் உள்ளே வந்தார். "நாளைக்குக் காலையில கெட்டியா எண்ணெய்ச் சாயம் அடிச்சு மூடிடு தாய்சியா. பழசைக் கிளறாதே."

"இன்னிக்கு ஆட்டம் அப்படியே போகட்டுமாங்க?"

"போகட்டும். ஒரு நாள்தானே."

அவர் கிளாஃபிராவைப் பார்க்கவில்லை. அந்தக் கண் யாருடையது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. வேண்டாம், அது என் தங்கை என்று சொல்ல அவள் வாய் வரை வந்தது. பத்தொன்பது வருடம் பூட்டிக் கிடந்த வாய், திறக்கவில்லை.

அன்று மாலை அரங்கு நிறைந்திருந்தது. கடைசிக் காட்சி. இல்லரியோன் படத்தின் முன் மெழுகுவத்தியை உயர்த்தினார். "சொல், இந்த வீட்டில் உன்னை மறந்தது யார்?"

சாயம் பாளமாகச் சரிந்தது. வியாபாரி மனைவியின் முகம் முழுவதும் தரையில் நொறுங்க, அதன் அடியில் இருபத்து மூன்று வயது அக்னியா இருந்தாள். சபையைப் பார்க்கவில்லை, தலை சரித்து, கீழே, பெட்டியைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வசனம் மறந்தால் அவள் அக்காளை இப்படித்தான் பார்ப்பாள். லவ்ர் அந்தப் பார்வையைத்தான் தீட்டி வைத்திருந்தான்.

கிளாஃபிராவுக்குக் கண்கள் நினைவு வந்தன. இதுதான், இதேதான்.

இல்லரியோனுக்கு அடுத்த வரி மறந்துபோயிற்று. அவரும் பெட்டியைப் பார்த்தார். இரண்டு முகங்களும் அவளிடம் வசனத்துக்காகக் காத்திருந்தன. அவள் பிரதியை மூடினாள்.

"இவள் என் தங்கை அக்னியா" என்று எடுத்துக் கொடுத்தாள்.

"இவள் என் தங்கை அக்னியா" என்றார் அவர், முழுக் குரலில்.

"எனக்குத் தங்கை இல்லை என்று சொன்னேன்."

"எனக்குத் தங்கை இல்லை என்று..." பாதியில்தான் அவருக்கு உறைத்தது. வாய் பழக்கத்தில் முடித்தது: "சொன்னேன்."

சபையில் இருமல் நின்றது. அந்த ஊரில் கை தூக்கியவர்கள் அன்று முன்வரிசையிலும் இருந்தார்கள். பெட்டியிலிருந்து வேறு எதுவும் வரவில்லை.  மெழுகு இல்லரியோனின் விரலில் சொட்டியது.

"அன்று கூட்டத்தில் கேட்டது நான்" என்றார்.

பிரதியிலும் இல்லாமல், யாரும் எடுத்துக் கொடுக்காமல் அவர் மேடையில் சொன்ன முதல் வசனம் அது.

கிளாஃபிராவின் மடியிலிருந்து பிரதி நழுவிப் பெட்டிக்குள் விழுந்தது. அவள் அதன்மேல் உட்காரவில்லை.