படபடப்பு இல்லை

“படபடப்பு: இல்லை. வாயுக் கோளாறு.” நைனாவின் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தது அவ்வளவுதான். நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று மூன்று முறை போனார், மூன்று முறையும் அதே மாத்திரை. அந்தச் சீட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நைனா, என் அப்பா, துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி ஓட்டியவர். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிப் படி ஏறியவன் நான். என் ஆராய்ச்சி இதயத்தைப் பற்றியது. இதயத்தின் மேலறை தாறுமாறாக நடுங்கும்போது அந்த நடுக்கம் எவ்வளவு சிக்கலானது என்று, உள்ளே ஒயர் விடாமல், மார்பின்மேல் பட்டன் போன்ற மின்முனைகளை ஒட்டியே கணக்கிட வேண்டும். யார் யாருடைய துடிப்பையோ அளந்தேன். திருவொற்றியூரில் ஒரே அறையில் என் பக்கத்தில் படுக்கிறவரை அளக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இதயம் ஒன்று தேவைப்பட்டது. நைனாவுக்கு வெறும் வாயு என்று நானும் நம்பியிருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்தேன்.

“இன்னாடா, பேட்டரி செக் பண்றியா?”

“ஆடாம குந்து நைனா. படபடப்பு எதுனா கீதா?”

“எனுக்கா? நாப்பதடி வண்டிய சந்துல ரிவர்ஸ் எடுக்கறவன்டா நானு. எவனுக்குப் பயப்படணும்?”

படிவத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்தேன். திரையில் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி மாறியது. நடுக்கத்தின் சிக்கலுக்குக் கணினி சொன்ன எண், ஆராய்ச்சிக்கு வந்த நோயாளிகள் பலருடையதைவிட மோசம். பட்டன் கழன்றிருக்கும் என்று மூன்று முறை மாற்றி ஒட்டினேன். கழலவில்லை.

“நைனா, உள்ள இன்ஜின் மிஸ்ஸிங் ஆவுற மாதிரி கீதா?”

“அத்த ஏன் கேக்குற. ஆறு மாசமா மிஸ்ஸிங்தான். மேம்பாலம் ஏறச்சொல்லோ வுட்டு வுட்டு அடிக்குது.”

“டாக்டராண்ட சொல்லல?”

“அவரு படபடப்பான்னாரு, இல்லன்னேன். மிஸ்ஸிங்கான்னு கேட்டாரா?”

எங்கள் தெருவில் படபடப்பு என்றால் பயம். இங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற டாக்டருக்கு இது தெரியாதா? அந்த நடுக்கத்தில் ரத்தம் தேங்கி, கட்டியாகி, மூளைக்குப் போனால் ஒரு பக்கம் விழுந்துவிடும். எண்ணூர் சாலையில், பாரம் ஏற்றிய வண்டியில், அது நடந்திருந்தால்?

மறுநாள் காலை நைனாவையும் கூட்டிக்கொண்டு போய், அந்தத் துடிப்பு வரைபடத்தை டாக்டரின் மேசைமேல் வைத்தேன். “உங்கப்பாதானே இல்லன்னு சொன்னாரு?” என்றார்.

“ஒரு தடவையாவது கையப் புடிச்சு நாடி பாத்தீங்களா சார்?” கத்திவிட்டேன்.

நைனா என் சட்டையை இழுத்தார். “வுடுடா. படிச்ச ஆளாண்ட சண்ட போட்டுக்கினு.”

“நானும் படிச்சவன்தான் நைனா.”

அன்றே ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். அதற்காக நைனா என்னோடு பேசுவதில்லை.

என் கோபம் டாக்டரோடு நிற்கவில்லை. ‘படபடப்பு உண்டா?’ என்ற அந்தக் கேள்வியை எங்கள் படிவத்தில் எழுதியவன் நான். ஆங்கிலத்திலிருந்து நல்ல தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று பெருமைப்பட்டவனும் நான்தான். ஆராய்ச்சிக்காக நடத்திய முகாம்களில் அதற்கு ‘இல்லை’ என்றவர்களை அளக்காமலே வீட்டுக்கு அனுப்பினோம்.

அந்தப் படிவங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் போன் செய்துகொண்டிருக்கிறேன். நெஞ்சைப் பற்றி முதலில் கேட்பதில்லை. இன்னா வேல செய்றீங்க என்றுதான் கேட்கிறேன்.