பெரட்டு மணி கேட்ட கணினி

எண்பதுகளின் நடுவில் சுங்கைப் பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடியில் கணினி வகுப்பு நடந்தது. நானும் அக்காவும் புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போவோம். நான் போனது குளுகுளு ஏர்கோன் அறைக்காக. அக்கா போனது படிப்புக்காக. கடைசி நாளில் அவள் செய்து காட்டும் புரோகிராம் ஆசிரியருக்குப் பிடித்தால் அங்கேயே உதவி ஆசிரியை வேலை. பிடிக்காவிட்டால், அண்ணன் பேசி வைத்திருந்த தொழிற்சாலையில் திங்கட்கிழமை முதல் ஷிப்ட்.

மற்றவர்கள் சம்பளக் கணக்கு போட, அக்கா மட்டும் கணினிக்கு மழை பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று கிளம்பினாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்படி இருந்தால் மழை என்ற விதி எதையும் அவள் எழுதிக் கொடுக்கவில்லை. ஜெராய் மலையில் மேகம் உண்டா, முந்தின சாயங்காலம் தூறியதா, காற்று எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு நாளுக்கும் தட்டுவாள். மழை உண்டா இல்லையா என்று கணினி ஊகிக்கும். ஊகம் தவறினால், எந்த அடையாளத்தை எவ்வளவு நம்புவது என்பதைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். பிறகு அடுத்த நாள். முதலில் உளறிக்கொட்டிய பெட்டி போகப்போகச் சரியாகச் சொன்னபோது என் சிரிப்பு நின்றுபோனது.

சரியான விடையை அக்கா பெரட்டு மணியிலிருந்து எடுத்தாள். விடியுமுன் ஆட்களைக் கூட்டும் அந்த மணி அடித்தால் மரம் சீவும் வேலை உண்டு, அடிக்காவிட்டால் மழை. எங்கள் லயத்து வீடுகளில் யாரும் எழுந்துபோய் வானத்தைப் பார்ப்பதில்லை. மணி இல்லையென்றால் மழை என்று இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள்.

செய்து காட்டும் நாளில் ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. அன்றைய அடையாளங்களை அக்கா தட்டினாள். திரையில் மலாயில் 'ஹுஜான்' என்று வந்தது. மழையாம். வகுப்பே சிரித்தது. எங்களை அழைத்துப்போக வந்திருந்த அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்கா, தான் தட்டியிருந்த நாட்களையெல்லாம் திரையில் ஓடவிட்டாள். கடைசி நாட்கள் வந்ததும் அவளே சிரித்துவிட்டாள். போன வாரம் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. வேலையும் இல்லை, மணியும் இல்லை. கால் பொசுங்கும் வெயிலில் பால்குடம் எடுத்தவள், அந்த நாட்களையும் பழக்கதோஷத்தில் மழைக் கணக்கில் சேர்த்திருந்தாள். கணினி கடைசியாகக் கற்றது அதைத்தான்.

"மெஷின் மேல தப்பு இல்ல லா, சார். நான் சொன்னதத்தான் அது கத்துக்கிச்சு. நான்தான் வெயில மழைன்னு சொல்லிக் கொடுத்துட்டேன்."

மறைக்கவுமில்லை, கெஞ்சவுமில்லை. அந்தத் துணிச்சல் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. எல்லோரும் பார்க்க அந்த நாட்களை நீக்கி, முதலிலிருந்து கற்றுக்கொடுத்தாள். நாங்கள் காத்திருந்தோம். மறுபடி கேட்டபோது 'கெர்ஜா' என்று வந்தது. வேலை உண்டு, மழை இல்லை. ஆசிரியர் தன் நாற்காலியை அவள் உட்காரட்டும் என்று அவள் பக்கம் நகர்த்தினார்.

திங்கட்கிழமை இருட்டோடு தொழிற்சாலை பஸ் வந்து ஹாரன் அடித்தது. அண்ணன்தான் வாசலுக்குப் போனார்.

"தங்கச்சி வராது, நீங்க போங்க," என்றார். "அது டீச்சர் வேலைக்குப் போவுது. நான் மோட்டார் சைக்கிள்ல கொண்டுபோய் விடுறேன்."