சட்டைப் பையில் தங்கிய ஒரு பிடி மண்

அலைச் சத்தம் கேட்கும் சாந்தோம் தெருவில் பிறந்து, பூமிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆயுளைக் கழித்த எங்கள் அப்பா இறைவனிடம் போய் ஓராண்டு ஆகிறது. உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகள் நான் எழுதுகிறேன்.

சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர், பங்குச் சாமியாரின் உதவியால் படித்து நிலவியலாளர் ஆனார். நொச்சிக்குப்பத்து மணலில் தண்ணீர் ஊறும்வரை தோண்டித் திரிந்த பிள்ளை. "அதையேதான் அப்புறம் சம்பளத்துக்கு செஞ்சேன்" என்று சிரிப்பார்.

ஒரு சுண்ணாம்புக்கல் நிலத்தில் சோதனைக்காகப் போட்ட முதல் துளையிலேயே வெள்ளை வெளேரென்று கல் வந்ததாம். முதலாளி குதித்தார்: "அதான் கெடைச்சிடுச்சே சார், வெட்ட ஆரம்பிச்சிடலாமா?"

"ஒரு துளைய நம்பி எறங்கினா பள்ளம்தான் மிஞ்சும், சுரங்கம் வராது" என்று அப்பா அசையவில்லை. சுற்றிலும் துளையிட்ட பிறகே கல் எந்தப் பக்கம் சரிந்து இறங்குகிறது என்று தெரிந்தது. அங்கேதான் சுரங்கம் திறந்தார்கள். முதல் லாரி மேலேறி வந்த காலையில் சுண்ணாம்புத் தூசியில் மரமும் மனிதரும் தன் மீசையும் ஒரே வெள்ளையாக மிதந்ததை, கண்ட கனவைச் சொல்வதுபோல அப்பா சொல்வார்.

கையில் எடுத்த மண்ணைத் திரும்பக் கீழே போடக் கூடாது, சோதனைக்குப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது அவர் தொழில் பழக்கம். துணிப்பை இல்லாவிட்டால் சட்டைப் பை. "இது வாஷிங் மெஷினா, கலவை மெஷினாங்க?" என்று அம்மா கத்தாத வாரம் உண்டா!

அம்மாவை அடக்கம் செய்த அன்று எல்லோரும் குழிக்குள் ஒரு பிடி மண் போட்டோம். அப்பாவும் எடுத்தார். விரலால் தேய்த்தார், வெயிலில் காட்டிப் பார்த்தார், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தோம்.

வீட்டில் சட்டையைக் கழற்றும்போதுதான் உணர்ந்தார். "அம்மாடி, உங்கம்மாவுக்கு நான் மண்ணே போடலியே!" என்று விம்மி விம்மி அழுதார்.

"நாளைக்குப் போய் மேலே போட்டுடலாம்ப்பா" என்றேன்.

"மேல போட்டா அது வேற அடுக்கும்மா. அவகிட்ட போய்ச் சேராது."

பிடிவாதக்காரர்! அந்த மண்ணைத் துணிப்பையில் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார். அடையாறு மருத்துவமனையில் கடைசி நாட்களில், ஏசி இரைச்சலைக் கேட்டு, "துளை போட ஆரம்பிச்சிட்டாங்களா?" என்பார். கண் திறந்தால், "அந்தப் பை பத்திரமாம்மா?" என்பார்.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், திருப்பலி நிறைவேற்றிய சாமியாருக்கும் எங்கள் நன்றி. குறிப்பாக, அம்மாவின் கல்லறையையே அப்பாவுக்காகத் திறந்து தோண்டிய, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் அண்ணனுக்கு. துணிப்பையின் கதையைக் கேட்டவர், அம்மாவின் பெட்டி தெரியும்வரை மண்ணை எடுத்துவிட்டு மேலே வந்தார்.

"சார் மண்ண மொதல்ல போடும்மா. அம்மா காத்துகினு இருப்பாங்க. அப்பால சார எறக்கலாம்."

முடிச்சை அவிழ்த்துக் கொட்டினேன். அந்தப் பிடி மண் அம்மாவிடம் சேர்ந்த பிறகுதான் அப்பா இறங்கினார்.