இரண்டு கிழமை என்று எழுதிய கடிதம்

தம்பி கனடாவுக்குப் போனபின் வாவிக்கரையோரம் இருந்த அவனுடைய வீட்டைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். வீட்டை வாடகைக்குக் கொடுப்பது, ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பது, இருப்பவர்களுக்குக் கடிதம் கொடுப்பது எல்லாம் நான்தான்.

கடைசியாக அங்கே இருந்தவர்கள் வாகரையிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும். அவர் கடலுக்குப் போனவர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. வாகரையிலிருந்து அவ்வளவு தூரம் வந்துபோக அவரால் முடியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் ஐந்து நிமிடம். மனைவி வீட்டில் இருந்தபடியே தைத்துக் கொடுத்தாள். முற்றத்தில் ஒரு சருகு கிடக்க விடமாட்டாள்.

ஒருநாள் காலையில் தம்பி கனடாவிலிருந்து கோல் எடுத்தான்.

"அக்கா, வீட்ட வாங்க ஒரு ஆள் வந்திருக்கு. நாளைக்கு உள்ளுக்குப் போய்ப் பாக்கணுமாம்."

வீட்டுக்குள் வருவதென்றால் முதல் நாளே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நான் கடிதம் எழுதினேன். விற்கப் போகிறோம் என்று எழுதக் கை வரவில்லை. 'திருத்த வேலைகள் பார்ப்பதற்காக' என்று எழுதிக் கொடுத்தேன். அதை வாசித்ததும் அவள் முகம் மலர்ந்தது. கூரையில் ஒழுகும் இடத்தை அவள் எனக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

மறுநாள் வாங்க வந்தவருக்கு அவளே வீட்டைக் காட்டினாள். கணவனைக் கதிரையில் இருத்திவிட்டு, ஒழுக்கு விழும் இடம் தெரியட்டும் என்று கட்டிலை இழுத்து ஒதுக்கினாள். "இது ஒண்டுதான் சேர் குறை. மற்றப்படி நல்ல காத்து, கிணத்துத் தண்ணியும் உப்பில்ல" என்றாள். அவர் தலையாட்டிக்கொண்டு போனார். நான் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் தம்பி மறுபடி பேசினான். "அந்தாள் அவசரப்படுறார். ரெண்டு கிழமையில அவங்கள எழுப்பிப் போடுங்க."

"ஒப்பந்தத்தில ஒரு மாசம் எண்டு இரிக்கு" என்றேன்.

"அதையெல்லாம் ஆர் எடுத்துப் பாக்கிற, அக்கா? நீங்க எழுதிக் குடுத்தா அவங்க கேப்பாங்க."

அவன் சொன்னது சரிதான். அவள் என் சொல்லுக்கு மறுசொல் சொன்னதில்லை. அது தெரிந்துதான் எழுதினேன்.

கடிதத்தைக் கொண்டுபோனபோது அவள் தையல் மெசினில் இருந்தாள். கணவன் ஆஸ்பத்திரியால் வந்து உள்ளே படுத்திருந்தார். அவள் கடிதத்தை மெல்ல வாசித்தாள். பிறகு உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டாள்.

"ரெண்டு கிழமையா டீச்சர்? நாங்க கையெழுத்து வச்ச பேப்பரிலயும் அப்பிடித்தான் இரிக்கா?"

"ஓம்" என்றேன்.

இன்றைக்கு வரைக்கும் அந்தச் சொல்லுக்கு நான் ஒரு சமாதானமும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாள் பொறுத்து, 'பார்த்துச் சொல்கிறேன்' என்றாவது சொல்லியிருக்கலாம்.

அவள் வீடு தேடி அலைந்தாள். டவுனுக்குள் ஒன்றும் சரிவரவில்லை. நோயாளி இருக்கிறார் என்றதும் இரண்டு இடத்தில் மறுத்துவிட்டார்கள். கடைசியில் பஸ் ஏறிப் போகும் தூரத்தில், குருக்கள்மடத்தில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. நான் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்லிச் சாமான் ஏற்ற லொறி ஒழுங்கு செய்து கொடுத்தேன். அதைச் செய்தபோது மனம் கொஞ்சம் லேசானது. அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

லொறி வருவதற்கு முதல் நாள் பின்னேரம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் அவர்களுடைய ஒப்பந்தப் பிரதி. சாமான் கட்டும்போது சூட்கேசில், கிளினிக் கொப்பிகளுக்கு அடியில் இருந்ததாம். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"ஒரு மாசம் எண்டு போட்டிரிக்கு, டீச்சர்."

அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினாள்.

"சண்டை பிடிக்க வரயில்ல. அங்க போறதெண்டு சொல்லிட்டம், போவம். நீங்க மறந்து சொன்னீங்களா, தெரிஞ்சு சொன்னீங்களா? அது மட்டும் எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சுதான் சொன்னன்."

அவள் பேப்பரை நாலாக மடித்தாள். "சரி" என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போனாள். ஒரு மாதம் முழுவதும் இருங்கள் என்று பின்னால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நான் அசையவில்லை. மறுநாள் அவர்கள் போய்விட்டார்கள்.

அவசரப்பட்டவர் வீட்டுக்கு உறுதிப் பத்திரம் எழுதி முடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தார். அவ்வளவு நாளும் வீடு பூட்டியே கிடந்தது. தம்பியிடம் இதைச் சொன்னேன். "அது நமக்கு முதலே தெரியுமா, அக்கா?" என்றான்.

அதன்பிறகு ஒருநாள் பஸ் ஏறிக் குருக்கள்மடத்துக்குப் போனேன். என்ன சொல்வதென்று போகும் வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் அமையவில்லை. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது கணவன்தான் முன்னால் இருந்தார். மெலிந்து போயிருந்தார். ஆஸ்பத்திரி நாளில் விடியமுன் எழும்பி முதல் பஸ்ஸைப் பிடிப்பதாகச் சொன்னார். என்னைக் கண்டு அவருக்கு உண்மையிலேயே சந்தோசம்.

"டீச்சர் இல்லாட்டி நாங்க என்ன செய்யிற? லொறியெல்லாம் பிடிச்சுத் தந்தீங்க. நான் இவகிட்ட அடிக்கடி சொல்றனான். வீட்டுக்காரங்க எண்டா இப்பிடி இரிக்கணும்."

மனைவி பிளேன்டி கொண்டுவந்து என் முன் வைத்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் அந்தப் பிளேன்டியைக் குடித்து முடித்தேன்.

தெரு வரைக்கும் அவள் கூட வந்தாள்.

"அவருக்கு நீங்க சொல்லயில்லையா?" என்று கேட்டேன்.

"சொன்னா அதையே யோசிச்சுக்கொண்டு கிடப்பார். வருத்தக்காரன். உங்களுக்காக நான் மறைக்கயில்ல, டீச்சர்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள், மன்னித்ததாகச் சொல்லவில்லை. பஸ் வருகிறது என்று கையைக் காட்டினாள்.

பிறகு நான் அங்கே போகவில்லை. போனால் அந்த மனிதர் மறுபடி எனக்கு நன்றி சொல்வார்.