இருபத்தேழாம் எண்

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் பன்றிக் கொட்டகையில் மார்லிஸ் பத்தொன்பது வருஷமாக வேலை பார்த்தாள். வயது அறுபத்தொன்று. கணவன் விட்டுப் போனவன், மகள் அரிசோனாவில். பேச்சுத்துணை என்றால் பன்றிகள்தான்.

அந்தக் குளிர்காலத்தில் பன்றிகளின் உணவுக்குழாயில் ஒரு சாண் வெட்டியெடுத்து, அவற்றின் சொந்தச் செல்களிலிருந்தே வளர்த்த குழாயை வைத்துத் தைத்தார்கள். ஆறு பன்றிகளில் ஐந்து தாங்கவில்லை. மிஞ்சியது காதில் இருபத்தேழாம் எண் குத்தியிருந்த பெண் பன்றி. வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் அதற்குத் தீனி.

ஐந்தாம் வாரம் வாய்வழியாகக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். மார்லிஸ் ஆப்பிள் கூழை விரலில் தொட்டு நீட்டினாள். நக்கியது. விழுங்கியது. அவள் அசையாமல் காத்திருந்தாள். அப்புறம் போனை எடுத்தாள்.

"டாக்டர், முழுங்கிட்டா!"

"கக்கலையே?" என்றாள் அந்த ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் நோவக்.

"துளி கூட வரல. இன்னும் கேட்டு என் பூட்ஸைக் கடிக்கிறா."

போனுக்குள் கைதட்டல் கேட்டது. சாயங்காலம் எதிர்க் கட்டடத்தில் கேக் வெட்டினார்கள். மார்லிஸைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

தொண்ணூறாம் நாள் பன்றியைக் கொன்று, உள்ளே சதை எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது முதல் நாளே எழுதிவைத்த விதி.

"நாளைக்கு நீங்க லீவு போட்டுக்கங்க, மார்லிஸ்" என்றாள் நோவக், முந்தின நாள்.

"நான் இல்லன்னா மிரளுவா, டாக்டர்."

மறுநாள் ஊசி ஏறும்வரை அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே இருந்தாள். பிறகு கொட்டகையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அவள் ஓய்வு பெற்று நாலு வருஷம் கழித்து, டிவி செய்தியில் ஒரு சின்னப் பெண்ணைக் காட்டினார்கள். உணவுக்குழாய் பாதியில் அடைபட்டுப் பிறந்தவள். இப்போது அவள் செல்களிலிருந்தே வளர்த்த புதுக் குழாயை வைத்திருந்தார்கள். வெண்ணெய் தடவிய ரொட்டியைக் கடித்தாள், மென்றாள், விழுங்கினாள். மார்லிஸ் தன்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் பேசினாள்.

"என்னம்மா விசேஷம்?"

"ஒரு குழந்தை ரொட்டி சாப்பிட்டுச்சு."

"யாரு குழந்தை?"

எங்கிருந்து தொடங்குவது என்று மார்லிஸுக்குப் பிடிபடவில்லை.

"டிவில பாத்தேன்" என்றாள். "அங்க வெயில் எப்படி?"

மகள் வெயிலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.