பிளே ஆஃபுக்கு வேண்டிக்கொண்ட முடி

ஒரு கால்பந்து அணிக்காக மொட்டை அடித்துக்கொண்ட பெண் ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரி ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் அந்த அணி போட்டியை விட்டு வெளியேறிய பிறகு. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு ஏன் என்று கேட்கிறார்கள். மொட்டை அடித்த அன்றைக்கு நானும் வழியெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொண்டு போனேன்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். நைனாவும் என் மாமாவும், அதாவது அம்மாவின் தம்பியும், இளவயதில் சென்னை வியாசர்பாடியில் ஒரே அறையில் தங்கி வேலை பார்த்தவர்கள். அங்கே தெருவுக்குத் தெரு கால்பந்து ஆடுவார்கள். இவர்களும் ஆடியிருக்கிறார்கள், இரண்டு பேர் முழங்காலிலும் அதன் தழும்பு உண்டு. அந்தச் சிநேகிதத்தில்தான் நைனா அம்மாவைக் கட்டிக்கொண்டார். பிறகு ஊருக்குத் திரும்பி, அடுத்தடுத்த தெருவில் விசைத்தறி போட்டுப் பிழைத்தார்கள். மாமாவின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பத்திரிகையில் நைனாவின் பெயர் விட்டுப்போயிருந்தது. அச்சுக்காரன் செய்த தப்பு என்றார் மாமா. படித்துப் பார்க்காமலா ஊருக்கெல்லாம் கொடுத்தான் என்றார் நைனா. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. நடுவில் மாட்டிக்கொண்டவள் அம்மா.

ஆனால் கால்பந்து நிற்கவில்லை. மாமா வீட்டில் மாலை முழுக்கத் தெலுங்கு சீரியல் ஓடும். போனில் பார்த்தால் பந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஒரு காரணம் கண்டுபிடித்து, சென்னை அணி ஆடும் நாட்களில் மட்டும் மாமா எங்கள் வீட்டுக்கு வருவார். "டிவி பாக்கத்தான் வந்தேங்க்கா" என்று வாசலிலேயே தெருவுக்குக் கேட்கிற மாதிரி அறிவித்துவிட்டு உள்ளே நுழைவார். அம்மா அன்றைக்கு மசால் வடை சுடுவாள். நைனா தறியை நிறுத்திவிட்டு வந்து பாயின் இந்தக் கோடியில் உட்கார, மாமா அந்தக் கோடியில் உட்காருவார். நடுவில் நான்.

என் வேலை இரண்டு பேருக்கும் வாயாக இருப்பது.

"பாப்பா, உங்க நைனாகிட்ட சொல்லு. மொட்டை கோச் இருந்திருந்தா இந்த டீமுக்கு இந்தக் கதி வந்திருக்காது."

"உங்க மாமாவக் கேளு பாப்பா. அந்தாளு கத்திக் கத்தியே பாதிப் பசங்கள ஓட வுட்டான். ஆட்டம்னா கோட்டு கோச் சொல்லிக் குடுத்ததுதான் ஆட்டம்."

"சென்னை வெயில்ல கோட்டு போட்டுக்கினு நின்னதத் தவிர அவன் வேற இன்னா கிழிச்சான்னு கேளு."

மொட்டை கோச்சும் கோட்டு கோச்சும் எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து, கொஞ்ச நாள் இருந்து, வேலை போய்த் திரும்பிப் போனவர்கள். நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் பெரியவர்கள் ஆயிற்றே என்று, "கோட்டு கோச் வேற இன்னா கிழிச்சாருன்னு மாமா கேக்கறாரு நைனா" என்று மரியாதை சேர்த்துத்தான் சொல்லுவேன். தறி ஓடும் வீட்டுக்காரர்கள் உரக்கப் பேசியே பழகியவர்கள். இவர்கள் சொல்வது மூன்றாம் வீட்டுக்கே கேட்கும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவருக்கு மட்டும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் பெருமையாக இருந்தது. நான் இல்லாவிட்டால் இவர்கள் பாடு என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்வேன்.

சீசன் முடிவுக்கு வந்தபோதுதான் சிக்கல். சென்னை பிளே ஆஃப் என்கிற அடுத்த சுற்றுக்குப் போனால் இன்னும் சில ஆட்டங்கள் உண்டு. போகாவிட்டால் அவ்வளவுதான், அடுத்த வருஷம்தான். அம்மாவுக்கு கோல் கம்பம் எது, கொடிக் கம்பம் எது என்று தெரியாது. ஆனால் ஆட்டம் நின்றால் தம்பி வருவதும் நின்றுவிடும் என்று மட்டும் தெரிந்திருந்தது. ஒரு நாள் வடை தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "டீமு உள்ள போவணும்னு ஏழுமலையானுக்குப் பாப்பா முடிய வேண்டிக்கினு கீறேன்."

நைனா சிரித்தார். மாமாவும் சிரித்தார். நான் பின்னலை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது, பின்னல் இடுப்பைத் தொடும். வகுப்பில் என் முடிக்குத்தான் முதல் மரியாதை. யாரோ பதினொரு பேர் ஓடி ஆடுவதற்கும் என் தலைக்கும் என்ன சம்பந்தம்?

அன்றிலிருந்து நான் யாருக்கும் தெரியாமல் சென்னைக்கு எதிரியானேன். ஆனால் எதிரியாக இருப்பதும் சுலபமாக இல்லை. கடைசி வாரம் சனிக்கிழமை சென்னை ஜெயித்தது. சரி, முடி போயிற்று என்று நான் அழத் தயாரானபோது, இன்னும் இல்லை என்றார்கள். மறுநாள் பெங்களூரும் கோவாவும் ஆட வேண்டுமாம். பெங்களூர் ஜெயித்தால் அவர்கள் உள்ளே, நாம் வெளியே. கோவா ஜெயித்தாலோ, ஆட்டம் சமமாக முடிந்தாலோ நாம் உள்ளே. சென்னை ஆடாத ஆட்டத்தில் சென்னை எப்படி ஜெயிக்கும் என்று கேட்டேன். நைனாவும் மாமாவும் ஆளுக்கொரு விதமாக விளக்கினார்கள். தலை சுற்றியதுதான் மிச்சம். பெங்களூர் ஜெயித்தால் பின்னல் தப்பும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

சென்னை ஆடாத நாளில் மாமா வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவை. சீசன் முழுக்க கோவாக்காரர்களைத் திட்டித் தீர்த்தவர்கள், அன்றைக்கு "கோவா, கோவா" என்று கத்தினார்கள். அம்மாவும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இதுல எது நம்மளுது?"

"ரெண்டும் இல்ல" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். அதைக் கேட்டு அம்மாவும் என்னைப் போலவே குழம்பிப்போய் நின்றாள்.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் பெங்களூர் ஒரு கோல் போட்டது. நான் பாயிலிருந்து எகிறிக் குதித்தேன். கைகூடத் தட்டினேன். பிறகுதான் வீட்டில் வேறு யாரும் சத்தம் போடவில்லை என்பது உறைத்தது. நைனா டிவியை நிறுத்தினார். மாமா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். உங்க நைனாகிட்ட சொல்லு என்று ஏதாவது சொல்லுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை அம்மா பழக்கதோஷத்தில் வடை சுட்டாள். அதை நாங்களே தின்றோம். அதற்கடுத்த சனிக்கிழமை சுடவில்லை. வீட்டில் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. பின்னல் தப்பிய சந்தோஷத்தில் இருந்த எனக்கே ஏதோ சரியில்லை என்று பட்டது.

அப்போதுதான் அம்மா திருமலைக்குப் போக வேண்டும் என்றாள்.

"டீமுதான் தோத்துட்ச்சே!" என்று அலறினேன்.

"தோத்தா குடுக்க மாட்டேன்னு நான் சாமிகிட்ட சொல்லலியே."

இது எந்த ஊர் நியாயம் என்று நைனாவிடம் முறையிட்டேன். அவருக்கும் விளங்கவில்லை. சாமி விஷயத்தில் வாய் கொடுப்பானேன் என்று தறிப் பக்கம் போய்விட்டார். அம்மா அதோடு விடவில்லை. தம்பிக்குப் போன் போட்டு, "தாய்மாமன் மடிலதான் முடி எடுக்கணும், நீ வந்தே ஆவணும்" என்றாள். அந்தப் பேச்சுக்கு எந்த மாமனாலும் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போன பஸ்ஸில் நைனா முன் சீட்டில், மாமா கடைசி சீட்டில். மலையில் முடி எடுக்கும் கூடத்தில் டோக்கனும் பாதி பிளேடும் கொடுத்தார்கள். மாமா தரையில் சம்மணம் போட்டு, ஒன்பது வயதுக் கழுதையான என்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டார். நைனா எதிரில் குந்தி என் கைகளைப் பிடித்துக்கொண்டார். முடி எடுப்பவர் தலையில் தண்ணீரைத் தெளித்ததும் நான் திமிறினேன். ஆடாதே என்று, "கதலகு, கதலகு" என அவர் தெலுங்கில் அதட்ட அதட்ட, இன்னும் ஆடினேன். பிளேடு காதோரம் வந்தது.

"டேய், தலைய நல்லா புட்றா! கொழந்தைக்கு வெட்டிக்கப் போவுது!" என்று நைனா கத்தினார்.

நான் அழுகைக்கு நடுவிலும் என் வேலையை மறக்கவில்லை. "மாமா, நைனா சொல்றாரு..." என்று ஆரம்பித்தேன்.

"புடிச்சிக்கினுதான்டா கீறேன். நீ மொதல்ல அவ கைய வுடாத" என்றார் மாமா, நைனாவைப் பார்த்து.

நான் வாயைத் திறந்தபடி இருந்தேன். அடுத்து யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. என் பின்னல் தரையில் விழுந்தது. தலைக்குமேல் அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்கள்.

"இப்ப பாக்கறதுக்கு மொட்டை கோச் மாதிரியே கீறா."

"அவனா? எம் பொண்ணு தல எவ்ளோ அழகா கீது!"

யாரும் என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. எனக்கு அழுகை இன்னும் பெரிதாக வந்தது. முடிக்காகத்தான் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மொட்டைத் தலையோடு எழுந்து திரும்பினால், துண்டை வைத்துக்கொண்டு நின்றிருந்த அம்மாவின் கண்ணில் தாரை தாரையாக நீர். அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பாவமாகிவிட்டது. சென்னை வெளியே போனதும் நான் கைதட்டியதும் எல்லாம் மறந்துபோய், அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அழாதம்மா. முடி மறுபடியும் வளந்துடும்" என்றேன்.